பனிமூட்டத்தில் விழுந்த கோல்

யோலே பெர்கோஸ்ஸி தன் ஆயுசில் அடித்த மிக நல்ல கோலுக்கு ஒருத்தரும் கைதட்டவில்லை. மைதானத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை. பட்ட பாதிப்பேர் அவளைத் திட்டினார்கள். அவளுடைய சொந்த அணிக்காரிகளும் அந்தப் பாதியில் சேர்த்தி.

அதற்கு வருமுன் அவள் கால்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குட்டைக் கால்கள். மஸ்ஸலெந்தா என்கிற ஆற்றோர ஊரில் மட்டி வாருகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்க்கிற, சேற்றில் நின்று நின்று கெட்டிப்பட்ட கால்கள். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் விடியுமுன்னே படகெடுத்துக் கழிமுகத்துக்குப் போய் மட்டி வாரி வருவார்கள். யோலே ஆற்றங்கரை மேட்டில் பையன்களோடு பந்து உதைப்பாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் வாய்க்கால். பந்து தண்ணீரில் விழுந்தால் விட்டவர் இறங்கி எடுக்க வேண்டும் என்பது சட்டம். பந்தை விடாமல் ஆடும் பழக்கம் அவளுக்கு அப்படித்தான் வந்தது என்று பிற்பாடு ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். சுத்தப் பொய். பந்தைத் தண்ணீரில் விட்டது பையன்கள். இறங்கி எடுத்தது அவள். அந்தச் சட்டத்தை அவளுக்கு மட்டும் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தார்கள்.

மீசை முளைக்கிற வயதில் பையன்கள் அவளைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்தினார்கள். நாலு பேரைத் தாண்டிப் போய்விடுகிறாள், பார்க்கிற பெண்கள் சிரிக்கிறார்கள் என்பது காரணம். ஊரின் பெண்கள் அணியில் போய்ச் சேர்ந்தாள். அவர்கள் ஜெர்சியின் நெஞ்சில் சாக்கடை அடைப்பெடுக்கும் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஆண்கள் போட்டுக் கழித்த ஜெர்சி, யோலேவுக்கு முழங்கால் வரை வரும். வெளியூர் ஆட்டத்துக்கு மீன் வண்டியில் போவார்கள். இறங்கும்போது எதிரணி மூக்கைப் பொத்திக்கொள்ளும். அதில் முதல் பத்து நிமிஷம் லாபம்.

நடுக்களத்தில் ஆடுகிறவளின் வேலை பந்தியில் பரிமாறுகிறவளின் வேலை மாதிரி. எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும், ஆடத் தெரிந்த இன்னொருத்தியின் காலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாப்பிட்டு எழுந்தவர்கள் சமையலைப் புகழ்வார்கள், பரிமாறினவளின் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. யோலேவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்கார்த்தினார்கள். உடம்பைச் சூடு பண்ணிக்கொள் என்றார்கள், ஓரமாக ஓடினாள். உட்கார் என்றார்கள், உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்ததும் நீலச் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் மட்டி மேசைக்குத் திரும்பிவிட்டாள்.

மேசை என்றால் கூட்டுறவுச் சங்கத்தின் நீளமான தகர மேசை. பெண்கள் இரண்டு பக்கமும் நின்று மட்டி பிரிப்பார்கள். ஒன்றோடொன்று தட்டினால் உயிருள்ளது கல் மாதிரி ஒலிக்கும், செத்தது ஓட்டைச் சட்டி மாதிரி. நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். அதில் யோலேவுக்குப் பக்கத்து இடம் நீவெஸுடையது.

நீவெஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் பொந்தால்தோ ஊர்க்காரி. பொந்தால்தோ அணியின் கோல்கீப்பர். நெட்டை, பெரிய வாய், அதைவிடப் பெரிய கை. வாரம் பூராவும் இருவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே நின்றால் நீவெஸ் கோல் கம்பத்திலிருந்தே கத்துவாள்: "ஏய் குள்ளச்சி! இவ்வளவு தூரம் ஓடி வந்துட்ட, ஏணி கொண்டாந்தியா?"

"உன் கைக்கு நடுவுல ஒரு வண்டியே போகும்டி, ஏணி எதுக்கு?"

ரெஃப்ரிக்கு இவர்கள் சண்டை போடுகிறார்களா கொஞ்சிக்கொள்கிறார்களா என்று கடைசி வரை புரிந்ததில்லை.

இனி பிஸ்கட் விஷயம். தொடரின் கடைசி ஆட்டம் சமனில் முடிந்தால் இரண்டு அணியும் பிழைக்கும் என்று ஒரு நிலை வரும். அப்போது இரண்டு அணியும் பந்தை அங்கும் இங்கும் தள்ளிவிட்டு, வியர்வை கூட வராமல், கோலே இல்லாமல் வீட்டுக்குப் போகும். அதற்குத்தான் பிஸ்கட் என்று பெயர். யாரும் யாரிடமும் எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசினால் அது குற்றம், விசாரணை வரும், தடை வரும். பேசாவிட்டால் அது வழக்கம். கண்ணாலேயே முடித்துவிட வேண்டும். பிஸ்கட் ஆட்டத்தில் கோல் அடிப்பது, சாவு வீட்டில் விசிலடிப்பது மாதிரி.

யோலேவுக்கு இருபது வயசிருக்கும். அந்தக் காலத்தில் டிசம்பரில் ஒரு கட்டம் முடியும், கடைசி அணி கீழ்த் தொடருக்கு இறங்கும். மஸ்ஸலெந்தாவுக்கும் பொந்தால்தோவுக்கும் ஆட்டம். சமன் என்றால் இருவரும் தப்பினார்கள், தோற்றவர் இறங்க வேண்டும். அன்று பனிமூட்டம். ஆற்றிலிருந்து எழுந்து வந்து மைதானத்தில் பாலாடை மாதிரிப் படிந்துவிட்ட பனி. ரெஃப்ரி நடுவில் நின்று இரண்டு கோலும் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிகிற மாதிரித் தலையாட்டினார். அவருக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு பக்கமும் மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம். பந்து உருண்டு யோலேவின் காலுக்கு வந்தது, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அந்த நேரம் பார்த்துப் பனியில் ஒரு கிழிசல் விழுந்தது. அதன் வழியே நீவெஸ் தெரிந்தாள். கோலை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து, கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் அணிக்காரி ஒருத்தியிடம் விலாங்கு மீன் வறுவலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேண்டுமென்றே அடித்தாளா என்று ஊர் முப்பது வருஷமாகக் கேட்டது. கால் அடித்தது. யோலே பின்னால்தான் அங்கே போய்ச் சேர்ந்தாள். பந்து மேலே எழும்பிப் பனிக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் வலை குலுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. விசில்.

அவள் கைகளைத் தூக்கப் போனாள். பாதி தூக்கியபோது அவள் அணித்தலைவி வந்து, "பைத்தியமாடி உனக்கு?" என்றாள். கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

பொந்தால்தோ இறங்கியது. அவர்களுக்கு ஜெர்சி வாங்கிக்கொடுத்த நாற்காலிக் கடைக்காரர் கையை விரித்தார். வசந்தம் வருமுன் அணியே இல்லை. காக்க ஒரு கோல் இல்லாத கோல்கீப்பராக நீவெஸ் வருஷக்கணக்கில் இருந்தாள். வேறு ஊரில் ஓர் அணி கிடைத்தபோது மட்டி மேசையில் குனிந்து குனிந்து முதுகு போயிருந்தது. அவ்வளவுதான் அவள் ஆட்டம்.

அன்றிலிருந்து நீவெஸ் யோலேவோடு பேசவில்லை. ஒரே மேசை. நடுவில் ஃபௌஸ்தா என்கிற பெண் வந்து நின்றுகொண்டாள். கூடை வேண்டுமென்றால், "ஃபௌஸ்தா, அந்த அம்மாகிட்ட கூடையைத் தள்ளச் சொல்லு" என்பாள் நீவெஸ். அந்த அம்மா ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். ஃபௌஸ்தாவும் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். வானொலி மாதிரி. ஃபௌஸ்தா பிரசவத்துக்கு லீவு போன மாதங்களில் அந்தக் கூடைகள் தள்ளப்படவே இல்லை.

யோலே நீவெஸுக்காக வருத்தப்பட்டாள். நிறையவே. ஆனால் அந்தக் கோலுக்காக வருத்தப்பட அவளால் முடியவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தாள். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை யாரிடமும் விளக்கவும் முடியவில்லை.

யோலேவின் முட்டி ஒருநாள் தீக்குச்சி ஒடிகிற சத்தத்தோடு போனது. ஆட்டம் நின்றது. பயிற்சியாளர் படிப்புக்குப் போனாள். வகுப்பு முழுக்க ஆண்கள். முதல்நாள் ஒருவர் அவளிடம், "எனக்கு ரெண்டு காப்பி, ஒண்ணுல பால் வேணாம்" என்றார். யோலே போய் வாங்கிவந்து கொடுத்தாள். பிறகு அவருக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அந்த மனுஷர் படிப்பு முடிகிற வரை அவளுக்குக் காப்பி வாங்கிக்கொடுத்தே மாய்ந்தார். உப்புப் போட்டுக் கொடுத்திருந்தாள் அந்த முதல் காப்பியில். அதைப் பற்றி இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

முதலில் பால்பல் விழாத பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். அப்புறம் மஸ்ஸலெந்தா பெண்கள் அணி. இங்கே பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவது. பாவாடை கட்டினாலும் மிஸ்டர்தான். காலையில் மட்டி, மாலையில் மிஸ்டர்.

அவள் அணியில் எட்டாம் நம்பர் அம்ப்ரா. பதினேழு வயசு, நடுக்களம், வாய் மட்டும் தனி ஊர். மற்றவர்களின் பூட்ஸுக்குள் உயிர் மட்டி போட்டு வைப்பவள். மிஸ்டரின் பூட்ஸுக்குள்ளும் ஒருநாள் போட்டாள். யோலே காலை விட்டாள், எடுத்தாள், மட்டியைத் தட்டிப் பார்த்தாள். "செத்தது. போடறதுன்னா நல்லதாப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்ப்ரா அன்றைக்குத்தான் அவளை மிஸ்டர் என்று முதல் தடவை மரியாதையாகக் கூப்பிட்டாள்.

இந்த வருஷத் தொடர் மோசமாகப் போனது. கிளப் தலைவர் இவானோ டிராக்டர் விற்கிறவர். ஏப்ரலில் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார், விற்கப் போகிற மாட்டைப் பார்க்கிற மாதிரி.

"யோலே, ஒளிச்சுப் பேசறதுல எனக்கு இஷ்டமில்ல. நீங்க கீழ்த் தொடருக்கு இறங்கினா அணியைக் கலைச்சிருவேன். இந்த இடத்துல நாலு பாடெல் கட்டம் போடலாம்."

பாடெல் என்பது கண்ணாடிச் சுவருக்குள் நின்று மட்டையால் பந்தடிக்கிற ஆட்டம். இப்போது பல் டாக்டர்களுக்கெல்லாம் அதில்தான் பைத்தியம்.

"ஆம்பளைங்க அணி?"

"அவங்க பக்கத்து ஊரு மைதானத்துல ஆடிப்பாங்க. பேசிட்டேன்."

"எங்களுக்குப் பேசலையா?"

"நீங்க இறங்கலேன்னா பேச்சே இல்லையே" என்றார் இவானோ. மோசமான ஆள் இல்லை. கணக்குத் தெரிந்த ஆள், அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம் மே மாதம். சொந்த மைதானம். எதிரணி பொந்தால்தோ. சில வருஷம் முன்புதான் அந்த ஊர்ப் பெண்கள் மறுபடி ஓர் அணி சேர்த்திருந்தார்கள். அவர்களுடைய மிஸ்டர் நீவெஸ். சமன் என்றால் இருவரும் தப்பிக்கலாம். தோற்கிறவர் இறங்க வேண்டும். கடவுளே உட்கார்ந்து மாவு பிசைந்த பிஸ்கட் என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டத்துக்கு முந்தின காலை மட்டி மேசையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. டக், டக் என்று மட்டிச் சத்தம் மட்டும். கடைசிக் கூடையின்போது நீவெஸ் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஃபௌஸ்தா. அந்த அம்மாகிட்ட சொல்லு. நாளைக்கு என் கோல்கீப்பர் கோலை விட்டு நகர மாட்டா."

ஃபௌஸ்தா திரும்பினாள். "யோலே, நாளைக்கு இவங்க கோல்கீப்பர்..."

"காது இருக்கு எனக்கு" என்றாள் யோலே.

மேசைக்காரிகள் எல்லாரும் அதை ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். பழைய மாதிரி மோசம் பண்ணிவிடாதே, அமைதியாக முடிப்போம் என்று நீவெஸ் கேட்கிறாள். பாவம். யோலேவுக்கு அப்படிக் கேட்கவில்லை. முப்பது வருஷமாக நீவெஸ் அந்தப் பந்தை மறக்கவில்லை என்பதுதான் அவளுக்குக் கேட்டது. தானும் மறக்கவில்லை. ஊருக்கு அது ஒரு கதை. அந்தப் பந்தை நெஞ்சில் வைத்திருக்கிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான் என்று தோன்றியது. கூடையை வழித்துத் தானே தள்ளிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பனி இல்லை. வெயில். மைதானத்தின் மூலைக் கொடியிலிருந்து மறுமூலைக் கொசு வரை எல்லாம் தெரிந்தது. உடைமாற்றும் அறைக்கு வெளியே இவானோ நின்றிருந்தார்.

"இன்னைக்கு நல்ல நாள். காலாற நடக்கலாம், இல்ல?" என்றார், மேகத்தைப் பார்க்கிறவர் மாதிரி அண்ணாந்து. அதற்கு மேல் பேசினால் குற்றம்.

"மேகமே இல்லையே" என்றாள் யோலே. உள்ளே போனாள்.

பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்நேரம் கூரை பறக்கும். இன்றைக்கு ஆளில்லாத கோயில் மாதிரி இருந்தது. எல்லாருக்கும் தெரியும். மதுக்கடையிலும் ரொட்டிக் கடையிலும் முடிவெட்டுகிற இடத்திலும் கண்ணடித்தே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அம்ப்ராதான் கேட்டாள். "மிஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளு."

"பந்து என் கால்ல இருக்கு. கோல் திறந்து கிடக்கு. நான் என்ன பண்ணணும்? பின்னால திரும்பி பாஸ் குடுக்கணுமா, இல்ல பூட்ஸ் நாடா அவுந்த மாதிரி குனியணுமா? என்னைவிட உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி, அதான்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் கதை தெரியாதவர் ஊரில் யார்?

யோலே கதவோரத்து இரும்புக் கம்பியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இரும்பைத் தொட்டால் கெட்டது அண்டாது என்பார்கள் இங்கே. மைதானத்தில் மெல்ல நடந்தால் போதும், அணி பிழைத்துவிடும். இந்தப் பெண்களுக்கு அடுத்த வருஷமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். ஆடினால் தோற்கவும் தோற்கலாம். தோற்றால் இந்தப் புல்லில் கண்ணாடிச் சுவர் எழும்பும். ஜெயித்தால் நீவெஸின் பெண்கள் இறங்குவார்கள், இரண்டாம் தடவை, அதே ஆளால். எந்தப் பக்கம் பார்த்தாலும் நடப்பதுதான் நல்லது.

"எனக்கு நடந்து ஆடத் தெரியாது. ஒரு தடவை முயற்சி பண்ணேன், என்ன ஆச்சுன்னு உங்க அம்மாங்க சொல்லியிருப்பாங்க" என்றாள்.

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நடக்கணும்னா ஆத்தங்கரை இருக்கு, போய் நடங்க. நான் தடுக்கல. இந்தப் புல்லு அடுத்த வருஷம் இருக்குமோ என்னமோ. இருக்கற வரைக்கும் இதுல பந்து ஆடணும். அந்தப் பக்கம் இருக்கற பொண்ணுங்களும் பஸ் ஏறி வந்திருக்காங்க, காலைச் சூடு பண்ணிட்டு நிக்கறாங்க. அவங்களைப் பாத்து நடக்காதீங்க. அது அவங்க மூஞ்சில துப்புற மாதிரி."

"அப்போ கோல் திறந்து கிடந்தா?" என்றாள் அம்ப்ரா.

"நாடாவை இப்பவே நல்லாக் கட்டிக்கோ."

ஆட்டம் தொடங்கியது. பொந்தால்தோ பெண்கள் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி உலாத்தினார்கள். மஸ்ஸலெந்தாவிலும் பாதிப்பேர் தயங்கினார்கள். அம்ப்ரா மட்டும் ஓடிப்போய் எதிரணித் தலைவியின் காலிலிருந்து பந்தை உருவினாள்.

"ஏய், என்னடி பண்றே? உனக்கு யாரும் சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?" என்றாள் அம்ப்ரா, குழந்தை முகத்தோடு. இதைச் சொல்லக் கூடாது என்பதுதான் வழக்கமாயிற்றே.

அரைமணி ஆகியிருக்கும். அம்ப்ரா இரண்டு பேரைத் தாண்டினாள். மூன்றாவது ஆள் வழிவிட்டு ஒதுங்கினாள், எப்படியும் அடிக்க மாட்டாள் என்று நினைத்து. கோல்கீப்பர் கோலிலேயேதான் நின்றாள், சொன்ன மாதிரி. ஆனால் அம்ப்ரா இவ்வளவு பலமாக அடிப்பாள் என்று அவளும் நினைக்கவில்லை. ஒன்று - பூஜ்யம்.

கைதட்டல் இல்லை. வெயிலில் பளிச்சென்று தெரிந்த கோல், அதற்கும் இல்லை. பார்வையாளர் படிக்கட்டில் இவானோ கொறித்துக்கொண்டிருந்த கொட்டை தொண்டையில் சிக்க, அவர் முதுகில் பக்கத்திலிருந்தவர் அடித்தார். அம்ப்ரா தலைக்கு மேலே கைகளைத் தூக்கித் தனியாக ஓடினாள். ஓடுகிறவளைப் பார்த்துக்கொண்டே யோலே தன்னையறியாமல் கைதட்டத் தொடங்கினாள். அந்த மைதானத்தில் அந்த ஒரு ஜோடிக் கை மட்டும் சத்தமிட்டது.

எதிர் பெஞ்சில் நீவெஸ் எழுந்து நின்றிருந்தாள். கைகள் கோட்டுப் பையில். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நேராக யோலேவைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. பிறகு தன் பெண்கள் பக்கம் திரும்பினாள். அந்தப் பழைய பெரிய வாய் திறந்தது.

"பாத்தீங்களா? சந்தைக்கா வந்தீங்க? ஆடுங்கடி இப்போ!"

ஆடினார்கள். இரண்டாம் பாதியில் அந்தப் புல்லில் நடந்ததைப் பார்த்துக் கரைமேல் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். முழங்கை, முட்டி, வசவு, மூக்கில் ரத்தம். மஸ்ஸலெந்தாவுக்கு மூச்சு வாங்கியது. பொந்தால்தோ அலை அலையாக வந்தது. தோற்றால் எல்லாம் போச்சு என்பது இப்போதுதான் யோலேவுக்கு உறைத்தது. முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கார்னர், ஒரு தலை, வலை. ஒன்று - ஒன்று.

இப்போது எழும்பியது பாருங்கள் கைதட்டல்! இரண்டு ஊரும் சேர்ந்து. பிஸ்கட் அடுப்புக்குத் திரும்பிவிட்டது. இவானோ எழுந்து நின்று இரண்டு கையாலும் காற்றைத் தட்டிக்கொடுத்தார்: மெல்ல, மெல்ல, போதும்.

யோலே அதைப் பார்த்தாள். ஒரு தடுப்பாட்டக்காரியை வெளியே எடுத்து, கோல் அடிக்கிறவள் ஒருத்தியை உள்ளே அனுப்பினாள். அந்தப் பக்கம் நீவெஸும் ஓர் ஆளை மாற்றினாள். அவளும் கோல் அடிக்கிறவள்தான்.

அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அம்ப்ரா அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பொந்தால்தோ அடித்த ஒன்று கோட்டின்மேல் நின்ற ஒருத்தியின் பின்புறத்தில் பட்டு வெளியே போனது. அவள் அன்று இரவு குப்புறப் படுத்துத்தான் தூங்கினாளாம். விசில். சமன். இருவரும் பிழைத்தார்கள்.

படிக்கட்டே இறங்கி வந்தது. ரொட்டிக் கடைக்காரர் கண்ணடித்தார். இவானோ யோலேவை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"கலைஞர் நீ! முதல்ல ஒண்ணு போட்டு, அப்புறம் ஒண்ணு வாங்கி, அந்த ரத்தம் வேற! எந்த விசாரணைக்காரன் வந்தாலும் ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியுமா? இப்படி ஒரு பிஸ்கட்டை நான் பார்த்ததே இல்ல!"

"தலைவரே, நெஜமாவே ஆடினோம்."

"அதான், அதான்! இப்படித்தான் சொல்லணும்" என்று இன்னொரு தடவை கண்ணடித்தார். "மைதானம் உன்னோடது. பாடெல்லை மதுக்கடைக்குப் பின்னால போட்டுக்கறேன்."

அம்ப்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கில் பஞ்சு. "மிஸ்டர், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்! என் மூக்கைப் பாத்தும் நம்ப மாட்டேங்கறான்! சாயம் பூசினியான்னு கேக்கறான் ஒருத்தன்!"

யோலே அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "பழகிக்கோ. நடுக்களம்னா அப்படித்தான்" என்றாள். பிறகு, யாரும் பார்க்காதபோது, அந்தப் பஞ்சைத் தன் கையால் மாற்றிவிட்டாள்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். கொட்டகையில் நீள மேசை, மட்டி போட்ட பாஸ்தா, வெள்ளை ஒயின். யோலே ஒரு கோடியில் உட்கார்ந்தாள். ஃபௌஸ்தா அவளுக்குப் பக்கத்தில், இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கிறவள் மாதிரி, வந்து உட்கார்ந்தாள், பழக்க தோஷம். நீவெஸ் தட்டோடு வந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"எந்திரி, ஃபௌஸ்தா" என்றாள்.

ஃபௌஸ்தா எழுந்தாள். முகத்தில் ஓய்வு பெற்றவளின் களை. நீவெஸ் அந்த இடத்தில் உட்கார்ந்தாள், முதுகைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. முள்கரண்டியை எடுத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் சாப்பிட்டார்கள்.

"உப்பு" என்றாள் நீவெஸ்.

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். யோலே அதை மேசைமேல் வைத்துத் தள்ளினாள். நீவெஸ் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்களை இறக்கணும்னுதான் ஆடின."

"ஆமா."

"மறுபடியும்."

"ஆமா."

"நானும்தான்" என்றாள் நீவெஸ். "கடைசி வரைக்கும். உன் பல்லைப் பிடுங்கணும்னு இருந்துச்சு." ஒரு மட்டி ஓட்டை உறிஞ்சிக் கீழே போட்டாள். "அந்தப் பந்து கடைசியில கீழ இறங்குச்சு."

"எந்தப் பந்து?"

"எந்தப் பந்துன்னா கேக்குற, குள்ளச்சி?"

யோலேவின் முள்கரண்டி பாதியில் நின்றது. "பனியில உனக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போகுது?"

"என் தலைக்கு மேல போன பந்து எனக்குத் தெரியாம வேற எவளுக்குடி தெரியும்? மேல போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. வெளிய போயிடும்னுதான் நெனச்சேன். கம்பத்துக்கு ஒரு ஜாண் முன்னால படி எறங்கற மாதிரி எறங்குச்சு. நான் ஓடிப் பாத்தேன். கோல்லயே நின்னிருந்தாலும் பிடிச்சிருக்க மாட்டேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முப்பது வருஷத்துல அது மாதிரி ஒண்ணு நான் பாக்கல. நல்ல கோலு. நாசமாப் போறவளே."

கொட்டகையில் சத்தம். அம்ப்ரா யாருடைய பூட்ஸையோ தேடிக்கொண்டு மேசைக்கு அடியில் போயிருந்தாள். ஃபௌஸ்தா இந்தப் பக்கம் காதைத் திருப்பாமல் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் யோலே.

"மாட்டேன்" என்றாள் நீவெஸ். "பாஸ்தா ஆறுது, சாப்பிடு."